முடிவு முன்பே தெரிந்த விசாரணை: 2020இல் ஜனநாயகக் கட்சி அவசரப்பட்டதா?

வடக்குரதவீதி எழுதியது:

டிரம்பை முதல் முறை பதவிநீக்க முயன்றபோது ஜனநாயகக் கட்சி அவசரப்பட்டதா என்று தேர்தல் உத்திகள் இழையில் போகிற போக்கில் கிளம்பிய சண்டை இது. அங்கே வைத்துப் பேசினால் இழை திசைமாறும் என்பதால் தனியாகத் தொடங்குகிறேன்.

மறந்தவர்களுக்காகச் சுருக்கம். 2019 ஜூலை 25 அன்று டிரம்ப் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியோடு தொலைபேசியில் பேசுகிறார். தேர்தலில் தன் போட்டியாளராக வரக்கூடிய ஜோ பைடன் குடும்பம் பற்றி விசாரிக்கச் சொல்கிறார். அதே சமயத்தில் உக்ரைனுக்குப் போகவேண்டிய சுமார் 39 கோடி டாலர் ராணுவ உதவி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஆகஸ்டில் ஓர் உளவுத்துறை ஊழியர் புகார் கொடுக்கிறார். செப்டம்பர் 24 அன்று சபாநாயகர் பெலோசி விசாரணையை அறிவிக்கிறார். டிசம்பர் 18 அன்று பிரதிநிதிகள் சபை இரண்டு குற்றச்சாட்டுகளை நிறைவேற்றுகிறது: அதிகார துஷ்பிரயோகம் (230-197), நாடாளுமன்ற விசாரணைக்கு முட்டுக்கட்டை (229-198). 2020 பிப்ரவரி 5 அன்று செனட் அவரை விடுவிக்கிறது.

என் வாதம் இதுதான்: மூன்றே மாதத்தில் முடித்தது தவறு. முதல் சாட்சியாக இருந்திருக்க வேண்டியவர் ஜான் போல்டன். பேரம் நடந்தபோது தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக அந்த அறையில் இருந்தவர். அவருக்குப் பிரதிநிதிகள் சபை சம்மனே அனுப்பவில்லை. அவருடைய துணை அதிகாரி கப்பர்மேனுக்கு அனுப்பினார்கள். அவர் நீதிமன்றம் போனதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 'தேர்தலுக்கே ஆபத்து, ஒரு நாளும் தாமதிக்க முடியாது' என்று சொல்லித் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டு, அதை செனட்டுக்கு அனுப்பாமல் நான்கு வாரம் பெலோசி கையிலேயே வைத்திருந்தார். இவ்வளவு அவசரம் என்றால் ஏன் நிறுத்திவைத்தீர்கள் என்று குடியரசுக் கட்சி கேட்டதற்கு நேரான பதில் இல்லை.

சட்டப்பிரியை எழுதியது:

நீதிமன்றம் போயிருக்கலாம் என்பவர்கள் எல்லோரும் ஒரு வழக்கின் தேதிகளைப் பாருங்கள். வெள்ளை மாளிகையின் முன்னாள் வழக்கறிஞர் டான் மெக்கான். அவருக்கு 2019 ஏப்ரலில் சம்மன் போனது. ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபை வழக்குப் போட்டது. நவம்பர் 25 அன்று மாவட்ட நீதிபதி கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் 'வந்து சாட்சி சொல்லத்தான் வேண்டும்' என்று தீர்ப்பளித்தார். அதோடு முடியவில்லை. மேல்முறையீடு, மறுபடி மேல்முறையீடு. கடைசியில் அவர் மூடிய கதவுக்குள் பேசியது 2021 ஜூனில். அதற்குள் டிரம்ப் தேர்தலில் தோற்று, பைடன் பதவியேற்று, நாடாளுமன்றத் தாக்குதலுக்காக வந்த இரண்டாவது பதவிநீக்க விசாரணையும் முடிந்துவிட்டிருந்தது.

போல்டன் வழக்கு இதைவிட வேகமாக நடந்திருக்கும் என்று நம்ப என்ன காரணம்? காலம் கடத்துவதுதான் வெள்ளை மாளிகையின் தற்காப்பு. நீதிமன்றம் போ என்று வெளியே சொல்வார்கள். நீதிமன்றத்தில் போய், இந்தச் சண்டையில் தலையிட உனக்கு அதிகாரமே இல்லை என்று நீதிபதியிடம் வாதிடுவார்கள். மெக்கான் வழக்கில் அரசின் நீதி அமைச்சகம் வைத்த வாதமே அதுதான்.

வடக்குரதவீதி எழுதியது:

தேதிகள் சரிதான் அக்கா. ஆனால் சம்மன் அனுப்பி, அவர் மறுத்து, அது பதிவாவதற்கும், சம்மனே அனுப்பாமல் விடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? 'நீங்களே கூப்பிடாத ஆளை நாங்கள் ஏன் கூப்பிடவேண்டும்' என்று செனட்டில் கேட்க வழிவிட்டதே இதுதான்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

இந்தத் தளத்தில் டிரம்ப் பக்கம் பேசினால் கல்லடி விழும் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். குற்றப்பத்திரிகை போடும் வேலை பிரதிநிதிகள் சபையுடையது, தீர்ப்புச் சொல்லும் வேலை செனட்டுடையது. பாதி விசாரித்துவிட்டு மீதியை நீங்கள் விசாரியுங்கள் என்று அனுப்பினால் அது யார் தவறு? அடுத்த தேர்தலுக்கு ஒன்பது மாதம்தான் இருந்தது. மக்களே முடிவு செய்யட்டும் என்ற வாதத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது.

அப்புறம், முறையான வாக்கெடுப்பே இல்லாமல் விசாரணை தொடங்கியது. அக்டோபர் 31 வரை சபையில் ஓட்டெடுப்பு இல்லை. அதுவரை சாட்சிகளை மூடிய அறையில்தான் விசாரித்தார்கள். இப்படி நடத்திவிட்டு குடியரசுக் கட்சியிலிருந்து ஆள் வரவில்லையே என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

பழையசோறு எழுதியது:

மூடிய அறை விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். அந்தக் குழுக்களில் இருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர்களும் அதே அறைக்குள் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். அக்டோபர் 23 அன்று அதே கட்சியின் மேட் கேட்ஸ் தலைமையில் ஒரு கூட்டம் 'எங்களை உள்ளே விடு' என்று அந்த அறைக்குள் புகுந்து, கூடவே பீட்சா வரவழைத்துச் சாப்பிட்டது. உள்ளே போக ஏற்கெனவே உரிமை இருந்த சிலரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கேமராவுக்காக நடந்த கூத்து அது, ஆனால் வேலை செய்தது. அன்றைய செய்தி சாட்சி என்ன சொன்னார் என்பதல்ல, அறைக்கு வெளியே யார் கத்தினார்கள் என்பதுதான்.

ஜெர்சித்தமிழன் எழுதியது:

நான் நியூ ஜெர்சியின் தெற்குப் பக்கம் இருக்கிறேன். எங்கள் பகுதியின் உறுப்பினர் ஜெஃப் வான் ட்ரூ. ஜனநாயகக் கட்சிக்காரராக 2018இல் ஜெயித்தார். பதவிநீக்கத்துக்கு எதிராக வாக்களித்தார், அப்படியே குடியரசுக் கட்சிக்குத் தாவினார். 2020இல் அந்தப் பக்கம் நின்று ஜெயிக்கவும் செய்தார். மாநிலத்தின் வடக்கே மிக்கி ஷெரில், அவரும் அதே 2018இல் முதல் முறை ஜெயித்தவர், முன்னாள் கடற்படை விமானி. ராணுவம், உளவுத்துறைப் பின்னணி உள்ள ஏழு புது உறுப்பினர்கள் செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்டில் கூட்டாகக் கட்டுரை எழுதி விசாரணைக்கு ஆதரவு தெரிவித்தார்களே, அவர்களில் ஒருவர். பெலோசி நகர்ந்தது அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான்.

அதற்கு ஆறு மாதம் முன்பு, 2019 மார்ச்சில், பதவிநீக்கம் நாட்டைப் பிளக்கும், இரு கட்சி ஆதரவு இல்லாமல் அந்தப் பாதையில் போகக்கூடாது என்று சொன்னவர் அதே பெலோசி. 2016இல் டிரம்ப் ஜெயித்த 31 தொகுதிகளில் அப்போது ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் இருந்தார்கள். பெரும்பான்மையே அவர்கள் தோளில்தான் நின்றது. 2016 தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றிய மூலர் அறிக்கையையும் சேர்த்துப் பத்துக் குற்றச்சாட்டு போடு என்று இடதுசாரிகள் ஒரு பக்கம் இழுத்தார்கள். இவர்கள் உக்ரைன் மட்டும் போதும், சீக்கிரம் முடி என்றார்கள். இரண்டே குற்றச்சாட்டு என்று சுருங்கியது இந்தக் கணக்கில்தான். அப்படியும் மெயின் மாநிலத்து ஜாரெட் கோல்டன் ஒன்றுக்கு ஆம், ஒன்றுக்கு இல்லை என்றார். துளசி கப்பார்ட் இரண்டிலும் 'வந்திருந்தேன்' என்று மட்டும் பதிந்தார்.

எனவே வடக்குரதவீதி சொல்வதுபோல் 2020 வசந்தகாலம் வரை இழுத்திருந்தால், இந்த 31 பேரும் தேர்தல் பிரசாரத்தின் நடுவில் பதவிநீக்க ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். அதற்கு அவர்கள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பழையசோறு எழுதியது:

இழை முழுக்க பெலோசி பற்றியே ஓடுகிறது. என்னைக் கேட்டால் இதில் சிறந்த ஆட்டக்காரர் செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல்.

67 ஓட்டு கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 53 பேர், குற்றவாளி என்று தீர்க்க 20 பேர் தாவவேண்டும். நடக்காத காரியம். ஆனால் சாட்சியை அழைக்க 51 போதும். அதாவது நான்கு பேர் தாவினால் போதும். மெக்கானலின் மொத்த உழைப்பும் அந்த நான்காவது ஆளைத் தடுப்பதில்தான். ஆட்டம் அந்த 51இல் இருந்தது, 67இல் இல்லை.

வெள்ளை மாளிகையோடு சேர்ந்துதான் திட்டமிடுகிறேன் என்று டிசம்பரிலேயே தொலைக்காட்சியில் சொன்னார். நான் நடுநிலை ஜூரர் இல்லை என்றும் சொன்னார். கேட்டவர்கள் கொதித்தார்கள், அவர் அசையவில்லை. ஜனவரி 21 அன்று விதிகள் மீதான விவாதம் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வரை போனது. ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் ஷூமர் கொண்டுவந்த 11 திருத்தங்களும் தோற்றன, பெரும்பாலும் 53-47. ஆனால் கவனியுங்கள், வாதத்துக்குத் தலா 24 மணி நேரத்தை இரண்டு நாளில் அடைக்கவேண்டும் என்று முதலில் எழுதியிருந்ததை, காலின்ஸ் போன்ற சொந்தக் கட்சி செனட்டர்கள் முகம் சுளித்ததும் மூன்று நாளாக மாற்றிவிட்டார். சின்ன விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் பெரிய விஷயத்தில் ஆளைத் தக்கவைப்பது. இதைப் பார்த்துக் கட்சிக் கொறடாக்கள் பாடம் படிக்கலாம்.

(ஒரு உபதகவல்: விசாரணை நடக்கும்போது செனட்டர்களுக்கு போன் கிடையாது, காபி கிடையாது. தண்ணீர் குடிக்கலாம், பால் குடிக்கலாம். பேசவும் கூடாது. நூறு அரசியல்வாதிகளை இப்படி உட்காரவைத்ததே பெரிய தண்டனை.)

மோர்க்களி எழுதியது:

ஒரு சந்தேகம். கட்சி சொன்னபடிதான் ஓட்டுப் போடவேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் ஏன் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள்?

சட்டப்பிரியை எழுதியது:

இல்லை. நம் ஊர் கட்சித் தாவல் தடைச் சட்டம் மாதிரி எதுவும் அங்கே கிடையாது. கட்சியை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகாது. ஆனால் பிரைமரி என்று ஒன்று இருக்கிறது. கட்சி வேட்பாளர் யார் என்பதைத் தலைமை தீர்மானிப்பதில்லை, உள்ளூர் கட்சி வாக்காளர்கள் தீர்மானிக்கிறார்கள். செனட் விசாரணை நடந்த நாட்களில் கலப் கருத்துக்கணிப்பில் டிரம்பின் ஆதரவு 49 சதவீதம், அதுவரை அவர் தொட்டதிலேயே உச்சம். குடியரசுக் கட்சியினரிடையே 94. அந்த 94 பேரிடம்தான் இந்த செனட்டர்கள் மறுபடி சீட்டுக்கு நிற்கவேண்டும்.

1998ஐ நினைத்துப் பாருங்கள். கிளிண்டன் மீது பிரதிநிதிகள் சபை தீர்மானம் நிறைவேற்றிய அந்த டிசம்பரில் அவருடைய ஆதரவு 73 சதவீதம். அதற்கு முந்தைய மாதத் தேர்தலில் குடியரசுக் கட்சி ஐந்து இடங்களை இழந்து, அந்தக் கட்சியின் சபாநாயகர் கிங்ரிச் பதவி விலகுவதாக அறிவித்திருந்தார். அதைப் பார்த்து வளர்ந்தவர்தான் பெலோசியும். அவர் 2019 வசந்தத்தில் ஏன் தயங்கினார் என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

கிளிண்டன் விசாரணையைச் சொன்னதால் கேட்கிறேன். அங்கே விதிகளை 100-0 என்று ஒருமனதாக நிறைவேற்றினார்கள். மோனிகா லெவின்ஸ்கி உட்பட மூன்று பேரை வீடியோவில் விசாரித்தார்கள். 2020இல் ஏன் முடியவில்லை? இரண்டு பக்கமும் சேர்ந்துதானே கெடுத்தார்கள்? வழக்கை முன்னின்று நடத்திய ஆடம் ஷிஃப், ஜனவரி 24 அன்று, எதிர்த்து ஓட்டுப்போட்டால் தலையைக் கம்பத்தில் செருகுவோம் என்று செனட்டர்களிடம் சொல்லப்பட்டதாக ஒரு தொலைக்காட்சிச் செய்தியை எடுத்துப் பேசினார். தாவக்கூடிய நிலையில் இருந்த காலின்ஸ் அங்கேயே தலையாட்டி மறுத்தார். யாரை ஜெயிக்கவேண்டுமோ அவர்களையே கோபப்படுத்திவிட்டார்.

ஜெர்சித்தமிழன் எழுதியது:

ஷிஃப் செய்தது புத்திசாலித்தனம் இல்லைதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் ஓட்டு மாறியது என்பது எனக்குப் படவில்லை. காலின்ஸ் கடைசியில் சாட்சி வேண்டும் என்றுதானே ஓட்டுப் போட்டார்? குடியரசுக் கட்சியிலிருந்து ராம்னியும் அவரும் வந்தார்கள், ஆக 49-51. வருவார்கள் என்று எதிர்பார்த்தும் வராதவர்கள் அதே கட்சியின் லமார் அலெக்சாண்டரும் முர்கவ்ஸ்கியும்.

இதில் அலெக்சாண்டர்தான் எனக்கு விசித்திரம். குற்றச்சாட்டு நிரூபணமாகிவிட்டது, டிரம்ப் செய்தது முறையில்லை, ஆனால் பதவியைப் பறிக்கும் அளவுக்கு இல்லை, அதனால் புதுச் சாட்சி தேவையில்லை என்று அறிக்கை விட்டார். அவர் அந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறவர், பிரைமரி பயமே கிடையாது. பயத்தால் மட்டுமே நின்றார்கள் என்று சொல்கிறவர்கள் இவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

சட்டப்பிரியை எழுதியது:

அலெக்சாண்டர் மெக்கானலுக்கு நீண்டகால நண்பர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முர்கவ்ஸ்கி விஷயம் வேறு. அவரும் வந்திருந்தால் 50-50. சமநிலை வந்தால், விசாரணைக்குத் தலைமை தாங்கிய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஓட்டுப் போடுவாரா என்ற கேள்வி எழுந்திருக்கும். 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான விசாரணையில் அப்போதைய தலைமை நீதிபதி சேஸ் அப்படி இரண்டு முறை ஓட்டுப் போட்டிருக்கிறார். ஷூமர் ஜனவரி 31 அன்று இதையே கேட்டார். ராபர்ட்ஸ் மறுத்துவிட்டார். தேர்ந்தெடுக்கப்படாத, வேறொரு துறையைச் சேர்ந்த ஒருவர் செனட்டின் முடிவை மாற்றுவது முறையல்ல என்றார். சமநிலை என்றால் தீர்மானம் தோல்வி. நீதிமன்றத்தின் பெயரை இதில் இழுக்க விரும்பவில்லை என்று முர்கவ்ஸ்கி சொன்னதன் பின்னணி இதுதான்.

போல்டன் பற்றி ஒரு வரி: ஜனவரி 26 அன்று அவருடைய கையெழுத்துப் பிரதியின் சாரம் நியூயார்க் டைம்ஸில் வந்துவிட்டது. உதவியை விசாரணைகளோடு முடிச்சுப்போட்டது டிரம்ப்தான் என்று அதில் எழுதியிருந்தார். ஆக அவர் என்ன சொல்வார் என்று நூறு பேருக்கும் தெரிந்த பிறகுதான் 51 பேர் அவரைக் கேட்கவேண்டாம் என்றார்கள். சம்மன் முன்பே போயிருந்தால் மட்டும் இது எப்படி மாறியிருக்கும், வடக்குரதவீதி?

பழையசோறு எழுதியது:

ரகசிய வாக்கெடுப்பு வைத்திருந்தால் மாறியிருக்கும்! முன்னாள் செனட்டர் ஜெஃப் ஃப்ளேக் 2019 செப்டம்பரிலேயே சொன்னார், ரகசியமாக என்றால் குடியரசுக் கட்சியிலிருந்து குறைந்தது 35 பேர் டிரம்புக்கு எதிராகப் போடுவார்கள் என்று.

தென் கொரியாவைப் பாருங்கள். அங்கே பதவிநீக்க ஓட்டு ரகசியம். 2016 டிசம்பரில் அதிபர் பார்க் குன்-ஹேவுக்கு எதிராக 234 ஓட்டு விழுந்தது. எதிர்க்கட்சிகளும் சுயேச்சைகளும் சேர்ந்தால் 172தான். ஆளுங்கட்சியிலிருந்தே குறைந்தது 62 பேர். யார் யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. 2024இல் அதிபர் யூன் சுக்-யோல் விஷயத்தில், டிசம்பர் 7 அன்று ஆளுங்கட்சி உறுப்பினர்கள் கூட்டாக வெளியேறினார்கள். மூன்று பேர் மட்டும் ஓட்டுப் போட்டார்கள், 200 சேராததால் தீர்மானம் காலாவதி. ஓட்டுப்பெட்டி பக்கம் விட்டால் ரகசியமாகத் தாவுவான், அதனால் பெட்டி பக்கமே விடாதே என்பதுதான் கணக்கு. தெருவில் லட்சக்கணக்கில் மக்கள் திரண்டதும் அடுத்த வாரம் அந்தக் கணக்கு உடைந்தது: 204. மெக்கானல் கொரியாவில் பிறந்திருந்தால் அவரும் கதவைப் பூட்டியிருப்பார்.

சட்டப்பிரியை எழுதியது:

கேட்க நன்றாக இருக்கிறது, அமெரிக்காவில் நடக்காது. அவையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் யார் எப்படி வாக்களித்தார் என்று பெயர் பெயராகப் பதிவு செய்யவேண்டும் என்று அரசியல் சாசனத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. நூறு பேர் இருந்தால் 20 பேர் கேட்டால் போதும். ரகசிய ஓட்டுக்கு எதிராக 20 பேர் எப்போதும் கிடைப்பார்கள்.

ஃப்ளேக் சொன்ன 35ஐயும் நான் நம்பவில்லை. பதவியை விட்டுப் போனவர் சொல்லும் கணக்கு அது.

ஜெர்சித்தமிழன் எழுதியது:

ராம்னி பற்றி யாரும் பேசவில்லையே. தன் கட்சி அதிபரையே குற்றவாளி என்று சொன்ன முதல் செனட்டர், அமெரிக்க வரலாற்றில். முதல் குற்றச்சாட்டில் 48-52 என்று வந்தது அவரால்தான். அவர் இல்லாவிட்டால் 'கட்சிக்காரன் ஒருவன்கூட ஏற்கவில்லை' என்று டிரம்ப் பேசியிருப்பார். இரண்டாவது குற்றச்சாட்டில் அவரும் விடுவித்தார், 47-53.

மறுபக்கம், டிரம்ப் பக்கம் சாயும் அலபாமாவிலிருந்து வந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் டக் ஜோன்ஸ். குற்றவாளி என்று போட்டார், அந்த நவம்பரிலேயே தோற்றார். தோற்பது உறுதி என்று தெரிந்தே போட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

ராம்னி 2018இல்தான் தேர்வானவர். 2024 வரை அவர் யாரிடமும் ஓட்டுக் கேட்கவேண்டாம். 2021 இரண்டாவது விசாரணையில் குற்றவாளி என்று போட்ட ஏழு குடியரசுக் கட்சி செனட்டர்களைப் பாருங்கள். பர், டூமி ஓய்வு. காலின்ஸ், காசிடி, சாஸ் அப்போதுதான் ஜெயித்து ஆறு வருடம் கையில் வைத்திருந்தவர்கள். ராம்னிக்கு மூன்று வருடத்துக்கு மேல் பாக்கி. அடுத்த தேர்தலைச் சந்திக்கவேண்டியிருந்தவர் முர்கவ்ஸ்கி ஒருவர்தான், அலாஸ்காவில் கட்சி பிரைமரியையே எடுத்துவிட்டார்கள். மனசாட்சிக்கும் நாட்காட்டிக்கும் நல்ல பொருத்தம்.

பிரதிநிதிகள் சபையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். அங்கே 2021இல் டிரம்புக்கு எதிராகப் போட்ட குடியரசுக் கட்சியினர் பத்துப் பேரில் நான்கு பேர் 2022இல் நிற்கவே இல்லை, லிஸ் செனி உட்பட நான்கு பேர் பிரைமரியில் தோற்றார்கள். மிஞ்சியது இரண்டு பேர்.

நெறியாளர்:

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. செனட்டர்களின் தோற்றம் பற்றிய நக்கல் வேண்டாம். விவாதம் நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

வடக்குரதவீதி எழுதியது:

சட்டப்பிரியை கேட்டதற்கு வருகிறேன். சம்மன் முன்பே போயிருந்தால் தீர்ப்பு மாறியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன், அதை நான் எங்கும் சொல்லவும் இல்லை. தீர்ப்பு மாறாத வழக்கில் கேட்பவர்கள் செனட்டர்கள் இல்லை, வீட்டில் உட்கார்ந்திருக்கும் மக்கள். 2019 நவம்பரில் அரசு அதிகாரிகள் பில் டெய்லர், ஃபியோனா ஹில், வின்ட்மன் எல்லோரும் தொலைக்காட்சியில் பேசியபோது நாடே பார்த்தது. அந்த வரிசையில் போல்டன் காலி நாற்காலியாகவாவது இருந்திருக்கவேண்டும். சம்மன் இல்லாததால் அந்த நாற்காலியே போடப்படவில்லை. அப்புறம் அவர் 2020 ஜூனில் நூல் எழுதி, உக்ரைனோடு நிறுத்திக்கொண்டது பிரதிநிதிகள் சபையின் பிழை என்று அவர்களையே திட்டினார். சாட்சி சொல்லாத மனிதர் கொடுத்த மதிப்பீடு!

ஜெர்சித்தமிழன் எழுதியது:

சரி, அப்படியானால் 2021க்கு என்ன சொல்கிறீர்கள்? அப்போது செனட் ஜனநாயகக் கட்சியின் கையில். பிப்ரவரி 13 காலையில் சாட்சிகளை அழைக்கலாம் என்று 55-45இல் ஜெயித்தேவிட்டார்கள். ஐந்து குடியரசுக் கட்சிக்காரர்களும் சேர்ந்து போட்ட ஓட்டு. சில மணி நேரத்தில் அவர்களே பின்வாங்கி, குடியரசுக் கட்சிப் பிரதிநிதி ஹெரேரா பட்லரின் எழுத்து அறிக்கையைப் பதிவில் சேர்த்தால் போதும் என்றுவிட்டு, அன்று மாலையே 57-43 என்று முடித்துக்கொண்டார்கள். மக்களுக்காகத்தான் சாட்சி என்றால், கையில் ஓட்டு இருந்த அன்று ஏன் அழைக்கவில்லை?

வடக்குரதவீதி எழுதியது:

ஏனென்றால் அன்று அவர்கள் ஆளுங்கட்சி. பைடனின் அமைச்சர்களுக்கு ஒப்புதல், கொரோனா நிவாரண மசோதா எல்லாம் வரிசையில் நின்றன. ஒரு வாரம் சாட்சி விசாரணை நடந்தால் ஒரு வாரம் அவை முடங்கும். நீங்கள் ஒரு ஆளைக் கூப்பிட்டால் நாங்கள் பலரைக் கூப்பிடுவோம் என்று மறுபக்கம் மிரட்டியது. 2020இல் அந்தக் கவலை எதுவும் இல்லை. மெக்கானல் அவையில் இவர்களுடைய மசோதாக்கள் எப்படியும் நகரவில்லை. நேரம் இருந்தபோது சம்மன் அனுப்பவில்லை, ஓட்டு இருந்தபோது நேரம் இல்லை.

சட்டப்பிரியை எழுதியது:

2020 ஜனவரியில் நேரம் இருந்தது யாருக்கு? ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட செனட்டர்கள் சாண்டர்ஸ், வாரன், குளோபுஷார் மூவரும் அயோவா வாக்காளர்களைச் சந்திக்க முடியாமல் செனட்டில் கட்டுண்டு கிடந்தார்கள். பிப்ரவரி 3 அன்று அங்கே காகஸ், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யும் கூட்டங்கள். போட்டியில் இருந்த பைடனும் புட்டிஜெஜும் ஊர் ஊராகச் சுற்றினார்கள். இன்னும் ஒரு மாதம் இழுத்தால் நியூ ஹாம்ப்ஷயரும் போயிருக்கும். விசாரணை நீளட்டும் என்று வெளியே சொன்ன கட்சிக்குள் சீக்கிரம் முடியட்டும் என்று விரும்பியவர்களும் இருந்திருப்பார்கள், அதை யாரும் மைக்கில் சொல்லமாட்டார்கள்.